அந்த செப்டம்பர் நாள் உன் டேட்டால இருக்கா

சார் போன மாசம் தவறிட்டார். டிபார்ட்மென்ட்ல இருந்து பழைய ஸ்டூடன்ட்ஸ் எல்லார்கிட்டயும் நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னாங்க, நினைவுக் கூட்டத்துல படிக்கிறதுக்கு. நானும் அனுப்பினேன். போர்டுல ஒரு ஸ்டெப்பைக்கூட "இது உங்களுக்கே தெரியும்"னு தாண்டிப் போகாதவர், ராத்திரி பதினோரு மணிக்கு சந்தேகம் கேட்டாலும் பதில் போடுறவர், ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ்னா (நிச்சயமில்லாம ஆடுற விஷயங்களோட கணிதம்) ஓடிப் போற பசங்களை உக்கார வச்சு பைனாமியல் ட்ரீயை கையால போட வச்சே இட்டோ லெம்மா வரைக்கும் கொண்டு வந்து விட்டவர். எல்லாம் உண்மைதான், ஒண்ணும் மிகைப்படுத்தல. ஆனா அனுப்பிட்டு ரெண்டு நாள் தூக்கம் சரியா இல்ல. ஏன்னா அவரை நினைச்சா எனக்கு முதல்ல வர்றது இது எதுவும் இல்ல, 2014 நவம்பர்ல போன்ல பேசின ஒரு அஞ்சு நிமிஷம்தான்.

அவர் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. ஜனவரி கடைசில எங்க பசங்களுக்கு ஒரு கெஸ்ட் லெக்சர் எடுக்கணும்ப்பா, பேக்டெஸ்டிங் பத்தி, வெளில உண்மையிலேயே எப்படி பண்றாங்கன்னு சொல்லுன்னார். சரி சார்னேன். பேக்டெஸ்டிங்னா மாடல் சொன்னதை உண்மையா நடந்ததோட ஒப்பிட்டுப் பாக்குறது. இப்ப என்ன பண்ணிட்டு இருக்கேன்னு கேட்டார். எஃப்எக்ஸ் வார் மாடலோட வருஷாந்திர வேலிடேஷன் ஓடிட்டு இருக்கு சார்னு சொன்னேன். வார்னா வேல்யூ அட் ரிஸ்க், அந்நிய கரன்சி பொசிஷன்ல ஒரு நாள் நஷ்டம் நூத்துக்கு 99 நாள் இந்தத் தொகையைத் தாண்டாதுன்னு சொல்ற கணக்கு. ஹிஸ்டாரிக்கல் சிமுலேஷன், ஐநூறு நாள் விண்டோ, அதாவது கடைசி ஐநூறு நாளோட நிஜ விலை மாற்றத்தை வச்சுப் போடுறது, 99 சதவீதம், எல்லாம் வழக்கமானதுதான். பேக்டெஸ்ட் எப்படி இருக்குன்னார். க்ரீன் சார், 250 நாள்ல நாலு எக்ஸெப்ஷன் வரைக்கும் க்ரீன், நாங்க அதுக்கும் கீழதான்னு கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். எக்ஸெப்ஷன்னா நஷ்டம் வாரைத் தாண்டின நாள்.

அப்பதான் கேட்டார். "யூரோ ஃப்ராங்க் 1.20 பக்கத்துலயே நிக்குதே, அந்த செப்டம்பர் நாள் உன் டேட்டால இருக்கா?"

இந்த துறைல இருக்கிறவங்களுக்கு எந்த செப்டம்பர்னு சொல்ல வேண்டியதில்ல. 2011 செப்டம்பர் 6. ஒரு யூரோவுக்கு 1.20 ஃப்ராங்குக்கு கீழ விடமாட்டோம், எவ்வளவு வேணும்னாலும் அந்நிய கரன்சி வாங்குவோம்னு ஸ்விஸ் நேஷனல் பேங்க் அறிவிச்ச நாள். அதுக்கு முந்தின மாசம் ரேட் கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஆகுற அளவுக்கு விழுந்து கிடந்தது. அந்த அறிவிப்புல ஒரே நாள்ல சுமார் 8 சதவீதம் ஏறுச்சு. ரெண்டு பெரிய, அமைதியான கரன்சிக்கு நடுவுல ஒரே நாள்ல 8 சதவீதம்.

நான் யோசிக்காம பதில் சொன்னேன். "இல்ல சார், ஐநூறு நாள் விண்டோல 2012 கடைசிக்கு முன்னாடி எதுவும் இல்ல. ஆனா இருந்தாலும் நமக்கு பிரச்சனை இல்ல, நம்ம பொசிஷன் யூரோ லாங், அந்த நாள் லாபம் வர்ற பக்கம், லாஸ் டெய்ல்ல வராது." யூரோ லாங்னா யூரோவை வாங்கி வச்சிருக்கிறது, ஏறினா லாபம். லாஸ் டெய்ல்னா வாரைத் தீர்மானிக்கிற பெரிய நஷ்ட நாளுங்க.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சரியாத்தான் சொல்ற"ன்னார். அதோட விடல, இன்னொண்ணும் கேட்டார். "வர்றப்ப குதிச்சு வந்துச்சே, போறப்ப மட்டும் நடந்து போயிடுமா?"

"அது வார் பாக்குற வேலை இல்ல சார், ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பாக்குற வேலை." பெரிய அதிர்ச்சி ஒண்ணு வந்தா எவ்வளவு போகும்னு தனியா போட்டுப் பாக்குறதுதான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்.

"அதுல இருக்கா?"

"போட்டுடலாம் சார்."

"சரிப்பா." அப்புறம் லெக்சர் தேதி, எத்தனை மணி, ப்ரொஜெக்டர் வேணுமா, அவ்வளவுதான். போனை வச்சுட்டார்.

இதை எத்தனை தடவை மனசுல ஓட்டிப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒவ்வொரு தடவையும் என் பதில்ல தப்பு தேடுவேன், கிடைக்காது. விண்டோ பத்தி சொன்னது சரி. லாபம் வர்ற பக்கம்னு சொன்னது சரி. வார் வேற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வேறன்னு சொன்னதும் எந்த பாடப்புத்தகத்துல வேணும்னாலும் இருக்கும். ஒரு வைவாவுல கேட்டிருந்தா முழு மார்க் போட வேண்டிய பதில். அதான் எனக்கு உறுத்துது. கேட்டவர் வைவா எடுக்கல.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல போடுறேன்னு சொன்னேன்ல, போட்டேன். உண்மையாவே போட்டேன். அடுத்த நாளே டிராஃப்ட்ல ஒரு ரோ சேர்த்தேன், யூரோ ஃப்ராங்க் 1.20ல இருந்து 1.10க்கு, ஒரே நாள்ல, ஹெட்ஜ் பண்ண, அதாவது எதிர்ப்பக்கம் எடுத்து நஷ்டத்தைக் குறைக்க, வாய்ப்பில்லாம. 1.10 ஏன்னா அறிவிப்புக்கு முன்னாடி ஏறக்குறைய அங்கதான் இருந்தது. மூணு நாள் அந்த ரோ இருந்தது. அப்புறம் எடுக்க வேண்டியதாயிடுச்சு.

எடுக்க வேண்டியதாயிடுச்சுன்னு எழுதுறேன் பாருங்க. இத்தனை வருஷமா யார்கிட்ட சொன்னாலும் இப்படித்தான் சொல்லி பழகிட்டேன், மேனேஜர் கேட்டார், அடிப்படை இல்லாத சினாரியோவை கமிட்டிக்கு கொண்டு போக முடியாதுன்னு ஆயிடுச்சுன்னு. நடந்தது அது இல்ல. மேனேஜர் என் சீட்டு பக்கமா போறப்ப ஸ்க்ரீனைப் பாத்துட்டு, "இதுக்கு என்ன அடிப்படைன்னு எழுதப் போறீங்க"ன்னு கேட்டார். எடுங்கன்னு சொல்லல. நல்லா இல்லன்னுகூட சொல்லல. டெம்ப்ளேட்ல ஒரு கட்டம் இருக்கும், அடிப்படைன்னு, எந்த வரலாற்று நிகழ்வை வச்சு இந்த ஷாக்கை எடுத்தீங்கன்னு எழுதணும். லேமன் வாரம், 1987 அக்டோபர், இப்படி. என் ரோவுக்கு நேரா அந்த கட்டம் காலியா இருந்தது. ஃப்ராங்க் ஃப்ளோர், அதாவது அந்த 1.20 எல்லை, உடைஞ்சதா வரலாறு இல்லையே, உடையலையே இன்னும். ஒரு மணி நேரம் பாத்துட்டு நானே ரோவை டெலீட் பண்ணிட்டேன். கமிட்டிக்கு போன வெர்ஷன்ல அது இல்ல, யாருக்கும் அது இருந்ததே தெரியாது.

என்னை நியாயப்படுத்த எவ்வளவோ இருக்கு, அதையும் சொல்லிடுறேன். அந்த நவம்பர் 30ல ஸ்விட்சர்லாந்துல தங்கம் பத்தி ஒரு ரெஃபரண்டம் நடந்தது, ஜெயிச்சிருந்தா அந்த சென்ட்ரல் பேங்கோட கையை கட்டிப் போட்டிருக்கும், அது பெரிய வித்தியாசத்துல தோத்துப் போச்சு. டிசம்பர் 18ல ஃப்ளோரைக் காப்பாத்தவே நெகட்டிவ் வட்டி அறிவிச்சாங்க. 2015 ஜனவரி 12ம் தேதிய நினைச்சுப் பாருங்க, அவங்க துணைத் தலைவரே டிவில வந்து இந்த ஃப்ளோர்தான் எங்க பாலிசியோட தூண், அது இருக்கத்தான் செய்யும்னு சொன்னார். மூணு நாள் கழிச்சு, 15ம் தேதி காலைல பத்தரைக்கு, எடுத்துட்டாங்க. அந்த மூணு நாளைக்கு நடுவுல உலகத்துல எந்த ரிஸ்க் அனலிஸ்ட் என்ன பண்ணியிருக்க முடியும்? இதை நான் ரொம்ப நாள் சொல்லிட்டு திரிஞ்சேன். இப்பவும் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

அந்தக் காலைய விவரிக்கப் போறதில்ல, இருந்தவங்களுக்கு தெரியும். சில நிமிஷத்துல 1.20ல இருந்து ஒண்ணுக்கு கீழ. நடுவுல விலையே இல்ல. 1.19க்கு இறங்கினா தானா வித்துடணும்னு ஸ்டாப் லாஸ் வச்சிருந்தவங்களுக்கு எங்கயோ கீழ ஃபில் ஆச்சு, ஏன்னா எதிர்ப்பக்கம் வாங்க ஆளில்ல. அக்கவுன்ட்ல இருந்ததுக்கு மேல கடனாகிப் போன க்ளையன்ட்ஸ், திவாலான சில்லறை புரோக்கருங்க. எங்க புக்ல அந்த ஒரு பொசிஷனை மட்டும் தனியா எடுத்தா, முந்தின நாள் வார் சொன்னதை விட இருபது மடங்குக்கு பக்கத்துல நஷ்டம். மொத்த புக்ல அது தாங்கக்கூடியதுதான், யாருக்கும் வேலை போகல. ஆனா இருபது மடங்குங்கிறத ஒரு ரிப்போர்ட்ல என் கையால டைப் பண்ணினேன்.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். எடுக்கவா வேண்டாமான்னு யோசிச்சேன், எடுத்துட்டேன். "உன் வேலைக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னுதான் முதல்ல கேட்டார். இல்ல சார்னேன். "லெக்சரைத் தள்ளி வைக்கட்டுமா?"ன்னார். வேண்டாம் சார் வர்றேன்னேன். ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல போட்டியான்னு கேட்பார்னு போன் முழுக்க காத்துட்டு இருந்தேன். கேட்கல. அன்னிக்கும் கேட்கல, அதுக்கப்புறம் எத்தனையோ தடவை பேசியிருக்கோம், ஒரு தடவைகூட கேட்கல. நானும் சொல்லல.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், நினைவுக் கூட்டத்துல நிறைய பேர் அவரை ஏதோ நடக்கப்போறதை முன்கூட்டியே சொன்னவர் மாதிரி பேசினாங்க. குறிப்பா அந்த எண்ணெய் கதை. அவர் க்ளாஸ்ல ஆப்ஷன் விலை போடுற பிளாக் ஷோல்ஸ் மாடலுக்கு முன்னாடி பேச்சிலியேரை எடுப்பார், 1900ல பாரிஸ்ல தீசிஸ் எழுதினாரே அவர். விலையோட மாற்றம் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்ல போகும்னு வச்சு ஆப்ஷன் விலை போட்டவர், ஐன்ஸ்டீனோட பிரௌனியன் மோஷன் பேப்பருக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே. எல்லா க்ளாஸ்லயும் யாராவது ஒருத்தர் கேட்பாங்க, சார் இந்த மாடல்ல விலை மைனஸ்ல போகுதே, இதை ஏன் படிக்கணும்னு. "போகட்டுமே, என்ன ஆகும்னு போட்டுப் பாரு"ம்பார். 2020 ஏப்ரல் 20ல டபிள்யூடிஐ கச்சா எண்ணெய் மே மாச ஃப்யூச்சர்ஸ் மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சது, ரெண்டு நாள்ல சிஎம்இ எக்ஸ்சேஞ்சே எண்ணெய் ஆப்ஷனுக்கு பேச்சிலியேர் மாடலுக்கு மாத்திக்கிச்சு. விலைக்கு லாகரிதம் எடுக்குற எந்த மாடலும் மைனஸ் விலைல நின்னு போயிடும்ல. உடனே எங்க பழைய க்ரூப்ல எல்லாரும் சார் அன்னிக்கே சொன்னார், சார் அன்னிக்கே சொன்னார்னு. அவர் சொல்லல. எண்ணெய் மைனஸ்ல போகும்னு அவர் ஒரு நாளும் சொல்லல. ஸ்விஸ் ஃப்ளோர் உடையும்னும் சொல்லல. எதிர்காலத்தைப் பத்தி அவர் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல, கேட்டா எரிச்சல்படுவார். இப்படி அவரை ஜோசியக்காரரா ஆக்குறதைப் பாக்க எனக்கு வயிறு எரியுது, உண்மையா. அவர் செஞ்சது அதைவிட கஷ்டமான வேலை.

அவர் கேட்பார், அவ்வளவுதான். இந்த டேட்டா எங்கிருந்து வந்தது, எதுனால இது அமைதியா இருக்கு. பொருளாதார நிபுணர் பால் க்ரூக்மேன் 1991ல எழுதின டார்கெட் ஜோன் மாடலை அவர் எடுத்த விதம் இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு கரன்சிக்கு எல்லை போட்டு, அந்த எல்லைய மார்க்கெட் முழுசா நம்பினா, எல்லைக்கு கிட்ட போகப் போக ரேட் அசையறதே குறைஞ்சுடும், கர்வ் தட்டையாயிடும். கணக்கை முழுசா போட்டுட்டு சாக்பீஸை கீழ வச்சுட்டு, இப்ப இந்த ஓரத்துல நின்னு வோலட்டிலிட்டி, அதாவது ரேட் எவ்வளவு ஆடுதுன்னு, அளந்தா நீங்க எதை அளக்குறீங்கன்னு கேட்டார். யாரும் பேசல. ஜனங்க அந்த பேங்கை எவ்வளவு நம்புறாங்கங்கிறதை அளக்குறீங்க, ரிஸ்க்கை இல்லைன்னார். பெசோ கதையும் அப்பதான் சொல்லுவார், மெக்ஸிகோ பெசோ 1954ல இருந்து 1976 வரைக்கும் டாலருக்கு 12.50ன்னு அசையாம இருந்தது, அந்த 22 வருஷ டேட்டாவ மட்டும் கையில வச்சிருக்கிறவனுக்கு என்ன தெரியும்னு. இத்தனையும் நான் உக்காந்து கேட்டிருக்கேன். நோட்ஸ் எடுத்திருக்கேன். பரீட்சையில எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கேன்.

அதனால தெரியாம பண்ணிட்டேன்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் மோசமா ஒண்ணு இருக்கு. 2013ல, 2011 ஆகஸ்ட் நாளெல்லாம் ஐநூறு நாள் விண்டோவ விட்டு ஒவ்வொண்ணா வெளிய போனப்ப, அந்த பொசிஷனோட வார் படபடன்னு இறங்குச்சு. அந்த நாளெல்லாம் ஃப்ராங்க் தாறுமாறா ஏறின நாள், யூரோ லாங் வச்சிருந்தவனுக்கு நிஜமான லாஸ் டெய்ல். டிரேடிங் டெஸ்க்ல சந்தோஷம், வார் லிமிட்ல இடம் கிடைச்சதுன்னு பொசிஷனைக் கூட்டினாங்க. அந்த மாச ரிப்போர்ட்ல வார் ஏன் குறைஞ்சதுன்னு விளக்கம் எழுதினது நான்தான். "விண்டோ நகர்வு காரணமாக." மூணே வார்த்தை. அதை எழுதின கைதான் அடுத்த வருஷம் சாருக்கு போன்ல பதில் சொல்லுச்சு.

ஆனா ஒருவேளை அந்த ரோ இருந்திருந்தா என்ன மாறியிருக்கும்? இதையும் நேர்மையா கேட்டுக்கணும். லிமிட் வார் மேலதான். ஸ்ட்ரெஸ் டேபிள் பின்னாடி அனெக்ஸ்ல போகும், நாப்பது ரோவுல ஒண்ணா. கமிட்டில யாராவது ஒருத்தர் பாத்து இது என்னன்னு கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். டெஸ்க் பொசிஷனைக் குறைச்சிருப்பாங்களான்னா, பெரும்பாலும் மாட்டாங்க. அதுவும் என் ரோ 1.10தான், 8 சதவீதம், நடந்தது அதுக்கு ரெண்டு மடங்கு. ஆகவே நான் டெலீட் பண்ணினதால ஒரு பைசா வித்தியாசம் இல்லன்னு ஒரு மனசு சொல்லுது. அப்படின்னா எதுக்கு அந்த வேலைல இருக்கேன்னு இன்னொரு மனசு கேட்குது. இந்த ரெண்டுக்கும் நடுவுல பத்து வருஷத்துக்கு மேல ஓடியாச்சு.

ஜனவரி கடைசில லெக்சருக்கு போனேன். நாப்பது பசங்க இருக்கும். பேக்டெஸ்டிங், எக்ஸெப்ஷன் எண்ணிக்கை, க்ரீன் யெல்லோ ரெட், அஞ்சுல இருந்து ஒன்பது வரைக்கும் யெல்லோ, பத்தும் அதுக்கு மேலயும் ரெட், எக்ஸெப்ஷன் கூடினா ரெகுலேட்டர் மூலதனக் கணக்கோட மல்டிப்ளையரைக் கூட்டுவார், எல்லாம் சொன்னேன். நடந்த நஷ்டத்தை பேக்டெஸ்ட் ஒரே ஒரு எக்ஸெப்ஷனாத்தான் எண்ணும், கொஞ்சமா தாண்டினாலும் ஒண்ணுதான் இருபது மடங்கு தாண்டினாலும் ஒண்ணுதான், அதனால அன்னிக்கு பிறகும் மாடல் க்ரீன்லதான் இருக்குன்னு சொன்னப்ப க்ளாஸ்ல ஒரு சலசலப்பு. சார் கடைசி பெஞ்ச்ல உக்காந்திருந்தார், அவர் எப்பவும் அங்கதான் உக்காருவார் வேற யாராவது எடுத்தா. ஒரு பொண்ணு எழுந்து, முன்னாடியே தெரிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கான்னு கேட்டாங்க. நான் டேட்டால இல்லன்னு ஆரம்பிச்சேன். நிறுத்தினேன். எப்படி முடிக்கிறதுன்னு தெரியல.

அப்ப சார் பின்னாடி இருந்து சொன்னார், "நவம்பர்ல இவர்கிட்ட நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் சொன்ன பதில் சரியான பதில்."

பசங்க திரும்பிப் பாத்தாங்க. ஒண்ணு ரெண்டு பேர் நோட்டுல எழுதினாங்க. அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லல, அடுத்த கேள்விக்கு போச்சு. என்ன கேள்வின்னு யாரும் கேட்கல, அவர்கிட்டயும் கேட்கல என்கிட்டயும் கேட்கல.

இந்த ஒரு வரிதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. என்னைக் காப்பாத்தினாரா? நாப்பது பசங்க முன்னாடி என் முகம் போயிடக்கூடாதுன்னா? அவர் அப்படிப்பட்டவர்தான், யாரையும் க்ளாஸ்ல தலைகுனிய விட மாட்டார். இல்ல உண்மையிலேயே அந்த பதில் சரின்னுதான் நினைச்சாரா? அதுவும் நடக்கக்கூடியதுதான், பதில் சரிதானே. இல்ல மூணாவதா ஒண்ணு, எனக்கு பயமா இருக்கிறது இதுதான், சரியான பதில்னா எப்படி இருக்கும்னு பசங்களுக்கு காட்டினாரா, கேள்வியே இல்லாம, சரியா இருந்துட்டே ஒண்ணுக்கும் உதவாத பதில்னு. அவர் குரல்ல எதுவும் தெரியல. போர்டுல ஈக்குவேஷன் படிக்கிற அதே குரல்.

நவம்பர்ல அந்த "சரிப்பா"வும் அப்படித்தான். ஏன் விட்டார்? அவர் நினைச்சிருந்தா இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா என்னை மடக்கியிருக்கலாம், என் படிப்பு காலத்துல எத்தனை தடவை மடக்கியிருக்கார். நான் இப்ப மாணவன் இல்ல, அந்த வேலைய செய்யுற ஆளு, எனக்கு தெரியும்னு மரியாதை கொடுத்து விட்டாரா? இல்ல இவன் இனிமே பதில்தான் சொல்லுவான், யோசிக்க மாட்டான்னு விட்டுட்டாரா? முதலாவதுன்னு நம்பத்தான் ஆசை. சில நாள் நம்புவேன்.

அதுக்கப்புறம் நான் மாறினேன்னும் சொல்லிக்கிறேன். 2015 முடியறதுக்குள்ள மார்க்கெட்ல இருக்கிற பெக், அதாவது வேற கரன்சியோட கட்டி வச்ச ரேட், எல்லாத்துக்கும் ஒரு டேபிள் போட்டேன், ஹாங்காங் டாலர், டேனிஷ் க்ரோன், சவுதி ரியால், எமிரேட்ஸ் திர்ஹாம், செக் கொருனா, ஒவ்வொண்ணுக்கும் உடைஞ்சா என்ன ஆகும்னு ஒரு ஷாக், பெரிய பொசிஷன் வச்சா அதுக்கு தனியா ஒரு கட்டணம் டெஸ்க் மேல. சண்டை போட்டுத்தான் வாங்கினேன். இதுல செக் கொருனா எனக்கு ஸ்விஸ் மாதிரியே தெரிஞ்சது, 2013 நவம்பர்ல இருந்து யூரோவுக்கு 27ன்னு எல்லை போட்டிருந்தாங்க. பதினஞ்சு சதவீத ஷாக் போட்டேன். டெஸ்க் வேற வழியில்லாம பொசிஷனைப் பாதியா குறைச்சாங்க. 2017 ஏப்ரல் 6ல செக் நேஷனல் பேங்க் எல்லைய எடுத்தாங்க. அன்னிக்கு ரேட் ரெண்டு சதவீதம்கூட நகரல. நடந்து போயிடுச்சு. ஒரு வருஷத்துக்கு மேல அந்த பொசிஷன்ல வந்திருக்க வேண்டிய லாபம் என்னால போச்சுன்னு டெஸ்க்ல நேராவே சொன்னாங்க, அவங்க சொன்னதும் தப்பில்ல.

அன்னிக்கு ராத்திரி சாருக்கு மெயில் போட்டேன். கொஞ்சம் கோவத்துலதான், இப்ப யோசிச்சா அவர் மேலயே கோவம். நீங்க கேட்ட கேள்விய வச்சுத்தானே இதெல்லாம் பண்ணினேன்ங்கிற மாதிரி, நேரடியா எழுதல, ஆனா படிச்சா புரியும். காலைல பதில் இருந்தது. டெஸ்க்குக்கு எவ்வளவு போச்சுன்னு கணக்கு போட்டியா, போட்டு எழுதி வை, ஃப்ராங்க்ல போனதை எழுதினல்ல அதே ரிப்போர்ட்ல பக்கத்துலயே எழுதி வைன்னு. ஆறுதல் இல்ல, நீ செஞ்சது சரின்னும் இல்ல, தப்புன்னும் இல்ல. நான் கணக்கு போடவே இல்ல. ஃப்ராங்க் நஷ்டத்தை எழுத கை வந்தது, இதை எழுத கை வரல. பயந்து போட்ட ஷாக்குக்கும் யோசிச்சுப் போட்ட ஷாக்குக்கும் வித்தியாசம் இருக்குன்னு அவர் சொல்ல வந்தாரோ என்னவோ. செக்ல எல்லைய எடுக்கப் போறோம்னு மாசக்கணக்கா சொல்லிட்டு வந்தாங்க, மார்க்கெட் முழுக்க அதை எதிர்பார்த்து கொருனா வாங்கி வச்சிருந்தது, எல்லாரும் ஒரே பக்கம் நின்னா திறந்த உடனே எங்க போகும்? ஸ்விஸ்ல அப்படி ஒண்ணும் இல்ல. இதை நான் அப்ப பாக்கல. எல்லை இருந்தா பதினஞ்சு சதவீதம்னு மனப்பாடமா போட்டேன். அவர் கேட்டிருந்தா இதையும் கேட்டிருப்பார், நான் அவரைக் கேட்க விடல, டேபிளைப் போட்டு முடிச்சுட்டுத்தான் சொன்னேன்.

இதெல்லாம் நாலு வரில எப்படி அனுப்புறது. கூட்டத்துல படிக்க வேண்டிய விஷயமும் இல்ல.

போன வாரம் பழைய ஃபோல்டரைத் தேடி எடுத்தேன், பழைய வேலைல இருந்து நான் வெளிய வந்தப்ப கொண்டு வந்த ஃபைல் எதுவும் இல்ல, வரவும் கூடாது, ஆனா அந்த டேபிளை நான் முதல்ல கையால ஒரு நோட்டுல போட்டேன், நோட்டு இருக்கு. சார் க்ளாஸ் நோட்ஸ் எழுதின அதே நோட்டோட கடைசி பக்கம். யூரோ ஃப்ராங்க், 1.20, 1.10, ஒரே நாள். அதுக்கு நேரா அடிப்படைன்னு எழுதி ஒரு கோடு, கோட்டுக்கு மேல ஒண்ணும் இல்ல. மேனேஜர் கேட்டப்ப எனக்கு எழுத வராம போனது இதுதான். "2011 செப்டம்பர் 6, எதிர்ப்பக்கம்"னு எழுதியிருந்தா போதும், கமிட்டி ஒத்துக்கிட்டிருக்கும், அதைவிட நல்ல அடிப்படை வேற எதுவும் கிடையாது. எனக்கு அது தெரியாம இல்ல. நாலு நாள் முன்னாடி போன்ல சார்கிட்ட அதைத்தான் சொன்னேன், லாபம் வர்ற பக்கம்னு.